அல் ஐனில் ஒரு ஸ்பெயின்

விமானம் துபாயில் இறங்குவதற்கு முன்பே எனக்கு வியர்த்துவிட்டது. வெயில் காரணமில்லை, கசகசாதான் காரணம். நாகர்கோவிலில் பெட்டி கட்டும்போது என் மனைவி லிசி, தன் தம்பிக்கென்று ஒரு டப்பா நிறைய கறி மசாலா அரைத்து வைத்திருந்தாள். அமீரகத்தில் கசகசா போதைப் பொருள் கணக்கில் வரும் என்றும், ஒரு சிட்டிகையோடு மாட்டியவர்கள்கூடக் கம்பி எண்ணுகிறார்கள் என்றும் பக்கத்து இருக்கைக்காரர் நடுவானில் வைத்துச் சொன்னார். இறங்க முடியாத இடமாகப் பார்த்துத்தான் மனிதர்கள் இந்த மாதிரித் தகவல்களைச் சொல்வார்கள். எங்கள் வீட்டு மசாலாவில் கசகசா உண்டா இல்லையா? கல்யாணம் ஆன நாளிலிருந்து அதைத்தான் சாப்பிடுகிறேன். தெரியவில்லை.

சுங்க அதிகாரி என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பெட்டியைத் திறக்காமலே கையை அசைத்து அனுப்பினார். நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனாலும் சந்தேகப்படுவதற்குக்கூட லாயக்கில்லாத முகம் என்று ஒரு வெளிநாடு முடிவு செய்தால் கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது.

நான் போன காரியம் சின்னது. மச்சினன் ஜெரால்டைக் கையோடு கூட்டிவர வேண்டும். அல் ஐனில் ஒரு பராமரிப்புக் கம்பெனியில் ஏசி மெக்கானிக்காகப் பதினைந்து வருஷம் ஓட்டிவிட்டான். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை விசாவைப் புதுப்பிப்பார்கள். இந்தத் தடவை புதுப்பிப்பதா, ரத்து செய்துவிட்டு ஊருக்கு வருவதா என்று சனிக்கிழமைக்குள் அவன் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். குளச்சலில் ஓர் ஐஸ் கம்பெனியில் அவனுக்கு மெக்கானிக் வேலை தயாராக இருந்தது. அந்த முதலாளி ரொம்ப நாள் பொறுக்க மாட்டார். அவன் மகள் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். வலது முழங்கால் முட்டு வேறு ஒரு வருஷமாகத் தகராறு. எல்லாக் காரணங்களும் ஊர்ப் பக்கமாகவே நின்றன. அவன் மட்டும் போனில் "பாப்போம், பாப்போம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.

அவன் மனைவி ஷைனி வீட்டுக்கு வந்து, "நீங்க நேர்ல போய்ச் சொன்னா கேப்பாரு அண்ணே" என்றாள். என் பேச்சை ஒருவன் கேட்பான் என்று என் முகத்துக்கு நேராக யாரும் சொல்லி ரொம்ப காலமாகிவிட்டது. வங்கியில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு பத்திரிகைகளில் சிரிப்புக் கட்டுரை எழுதுகிறவன் நான். படித்துவிட்டு யாரும் சிரித்ததாக இதுவரை தகவல் இல்லை. உடனே கிளம்பிவிட்டேன்.

முதல் நாள் பர் துபாயில் மீரான் காக்கா வீட்டில் தங்கினேன். காயல்பட்டினத்துக்காரர்; அங்கே காக்கா என்றால் அண்ணன். நான் வங்கியில் இருந்த காலத்து வாடிக்கையாளர். மீனா பஜாரில் சேலைக் கடை வைத்திருக்கிறார். என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. வெளியே பத்து அடி நடந்தால் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்கிறது. உள்ளே வந்தால் ஏசியில் பல் தந்தி அடிக்கிறது. வெளியே போவதும் உள்ளே வருவதுமாக இருந்த என்னைப் பார்த்து, "சார், ஒண்ணு கடைக்குள்ள இருங்க, இல்ல வெளிய நில்லுங்க. கதவு திறந்து திறந்து கரண்டு போவுது" என்றார் காக்கா. உட்கார்ந்தேன்.

கடைத் தொலைக்காட்சியில் ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பையின் இறுதி ஆட்டத்தை மறுஒளிபரப்பு செய்துகொண்டிருந்தார்கள். ஸ்பெயின் ஜெர்மனியை வென்று சில நாள்தான் ஆகியிருந்தது. 2008-ஆம் வருஷத்து ஜூலை ஆரம்பம். ஊரில் நான் தூங்காமல் பார்த்த ஆட்டம்தான். பத்திரிகைகளில் அதைப்பற்றி வந்த எல்லாவற்றையும் படித்துமிருந்தேன். விளையாடத் தெரியாதவனுக்கு வேறு என்ன வழி?

ஸ்பெயின் கதை வேடிக்கையானது. உள்ளூரில் உலகப் புகழ் பெற்ற கிளப்புகளை வைத்திருக்கும் நாடு. நாட்டுக்காக ஆடப் போனால் மட்டும் கால் இறுதி வந்ததும் பெட்டி கட்டிவிடும். ஆவேசமாக ஓடு, மோது, அடி என்பதுதான் அவர்களுடைய பழைய வேதம். நாற்பத்து நான்கு வருஷம் அந்த ஆவேசத்துக்கு ஒரு கோப்பைகூடக் கிடைக்கவில்லை. எழுபதை நெருங்கிய ஒரு சிடுமூஞ்சிப் பயிற்சியாளர் வந்தார். நம் ஆட்களுக்கு உயரமும் இல்லை, உடம்பும் இல்லை, மோதினால் நாம்தான் உடைவோம், அதனால் பந்தை எதிராளிக்குக் கொடுக்கவே வேண்டாம் என்று முடிவு செய்தார். சின்ன உருவமாக நாலைந்து பேரை நடுவில் நிறுத்தி, உனக்கு எனக்கு, எனக்கு உனக்கு என்று பக்கத்தில் பக்கத்தில் தட்டிக்கொண்டேயிருக்கச் சொன்னார். நாட்டின் செல்லப் பிள்ளையாக இருந்த முன்கள ஆட்டக்காரரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார். அதற்கு நாடே அவரைத் திட்டியது. கோப்பை வந்ததும் திட்டிய வாய்களெல்லாம் தாங்கள் அன்றைக்கே சொன்னதாகச் சொல்ல ஆரம்பித்தன.

காயல்காரர்கள் பிறவியிலேயே பிரேசில் கட்சி. காக்கா தொலைக்காட்சியைப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்ன சார் இது? பந்து ஆடுறானுவளா, பாய் முடையுறானுவளா?"

அவருக்கு நான் பதில் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. ஒரு பஞ்சாபி அம்மாள் கடைக்குள் வந்தார். ஒரே ஒரு பிளவுஸ் துணி, கடும் பச்சையில் வேண்டும், டாக்சி வெளியே நிற்கிறது என்றார். துணி இருக்கிறது, எடுக்கச் சொல்லியிருக்கிறேன் என்று உட்கார வைத்தார் காக்கா. வாங்க வேண்டாம், சும்மா பாருங்கள் என்று ஒரு விற்பனையாளர் ஒரு சேலையை விரித்தார். அடுத்தவர் அதை மடித்து இன்னொன்றை விரித்தார். மூன்றாமவர் தேநீர் கொண்டுவந்தார். பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்ற கேள்வி வலது பக்கத்திலிருந்து வந்தது, அவர்கள் இருக்கும் கனடாவில் குளிர் எப்படி என்பது இடது பக்கத்திலிருந்து. யாரும் அவசரப்படவில்லை, யாரும் விலை சொல்லவில்லை. அம்மாள் வெளியே போய் டாக்சியை அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். போகும்போது அவர் கையில் நாலு சேலை. பச்சைத் துணி கடைசி வரை வரவேயில்லை.

இதைவிட நன்றாக ஸ்பெயினும் ஆடவில்லை என்று காக்காவிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியிலேயே எனக்கும் ஒரு சேலையை விரித்தார். லிசிக்கு இரண்டு சேலையோடு வெளியே வந்தேன்.

மறுநாள் அல் ஐன் போக, பேருந்து நிலையத்துக்கு நகரப் பேருந்து பிடிக்கக் காத்திருந்தேன். துபாயில் சில நிறுத்தங்களை நாலு பக்கமும் கண்ணாடி வைத்து மூடி ஏசி போட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் நிறுத்தத்தில் நின்றால் பேருந்து எப்போது வரும் என்று தவிப்போம். இங்கே உட்கார்ந்தால், வந்துவிடப்போகிறதே என்று தவிப்பாக இருந்தது. அந்தத் தவிப்போடு தூங்கிப்போய் இரண்டு பேருந்துகளைக் கோட்டைவிட்டேன். மூன்றாவதில் அவசரமாக ஏறி, முன்னால் காலியாக இருந்த வரிசையில் உட்கார்ந்தேன். அது பெண்களுக்கானது என்பதைப் பேருந்து முழுவதும் எனக்குத் தெரிந்தது, தெரியாதது என எல்லா மொழிகளிலும் எடுத்துச் சொன்னது. பின்னால் போனேன். இந்திய அரசாங்கப் பேருந்துகளில் நான் கற்ற வித்தைகள் எதற்கும் வெளிநாட்டில் மதிப்பில்லை.

அல் ஐனில் ஜெரால்டு கம்பெனி வேனோடு நின்றான். கருத்து, கன்னம் ஒட்டி, ஒரு காலை லேசாகச் சாய்த்து நின்றான். பெட்டியை வாங்கிக்கொண்டு நடக்கும்போது அந்தச் சாய்வு நொண்டலாக மாறியது. முட்டுக்குக் கொடுத்தனுப்பிய தைலம் பெட்டியில் இருப்பதாகச் சொன்னேன். நான் பேச்சை ஆரம்பிக்கும் முன் அவனே ஆரம்பித்தான்.

"நீங்க எதுக்கு வந்தியன்னு தெரியும் அத்தான். எல்லாரும் சம்பளத்துக்குத்தான் நான் இங்க கிடக்கேன்னு நினைக்கிய. சம்பளம் என்ன சம்பளம்? ஐஸ் கம்பெனிக்காரன் தாறது இதுக்குக் கிட்டத்தட்ட வரும்."

"பின்னே?"

ரவுண்டானாவைச் சுற்றி வேனைத் திருப்பினான்.

"வெள்ளிக்கிழம" என்றான்.

அங்கே வார விடுமுறை வெள்ளிக்கிழமை. அன்று விடிகாலையில் கம்பெனியின் தொழிலாளர் கேம்புக்குப் பின்னால் பந்து விளையாடுவார்கள். பத்து வருஷமாக அவன்தான் கேம்ப் அணியின் முன்கள ஆட்டக்காரன். அவன் வலது காலால் அடித்த பந்து பட்டு விரல் பெயர்ந்த கோலிகளின், அதாவது கோல்கீப்பர்களின், கதை சனாயா என்கிற அந்தத் தொழிற்பேட்டை முழுக்கப் பிரசித்தம். எங்கள் குமரிக் கடற்கரையில் பிறந்தவனுக்குப் பந்து என்பது என்ன என்று வெளியூர்க்காரர்களுக்கு விளக்க முடியாது. கோயில் திருவிழாவைத் தள்ளிவைப்பார்கள். டோர்னமென்ட்டைத் தள்ளிவைக்க மாட்டார்கள். ஊருக்குப் போனால், நாற்பதைத் தொடப்போகிற, முட்டு போன ஒருவனைக் கரையில் உட்கார்ந்து கைதட்டச் சொல்வார்கள். இங்கே அவன் ஒன்பதாம் நம்பர். மற்ற ஆறு நாளும் வில்லாக்களின் மொட்டை மாடியில் வெயிலில் வெந்து ஏசி மாட்டுகிற அவனுக்கு, ஏழாவது நாளில் ஒரு பெயர் இருந்தது.

"அதுவும் இப்பம் போகுது பாருங்க" என்றான். அணித் தலைவன் ரீகன் ஸ்பெயின் ஆட்டத்தைப் பார்த்ததிலிருந்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டானாம். இனிமேல் தூக்கி அடிக்கக் கூடாது, தரையில்தான் தட்ட வேண்டும். இந்த வெள்ளிக்கிழமை பாகிஸ்தான் பட்டாணியர்களின் அணியோடு ஆட்டம். ஜெரால்டு அண்ணன் உட்காரட்டும் என்று சொல்லிவிட்டான். உட்கார வைத்தால் விசாவை ரத்து செய்துவிட்டு என்னோடு வருவதாகச் சொன்னான் மச்சினன்.

வெளியே காட்டிக்கொள்ளாமல் மனசுக்குள் ஸ்பெயினுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

கேம்பில் ஓர் அறைக்கு எட்டுப் பேர், இரண்டடுக்குக் கட்டில்கள். மெஸ்ஸில் தரையில் செய்தித்தாள் விரித்து, நடுவில் குப்பூஸ் ரொட்டியை அடுக்கி, மீன் குழம்புச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்தோம். குழம்பில் லிசியின் மசாலா. ஒரு வாய் வைத்ததும் ரீகன், "கசகசா இல்ல, மல்லி தூக்கலா இருக்கு" என்றான். இரண்டு நாளாக என்னை அரித்த கேள்வி அப்படித் தீர்ந்தது. ரீகனுக்கு இருபத்தாறு வயதிருக்கும், குள்ளம். எங்கள் கடற்கரையில் உலகத் தலைவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. அந்த அறையில் ஒரு கென்னடியும் இருந்தான்.

மச்சினன் மனம் தளர்ந்திருக்கும்போதே அடித்துவிட வேண்டும் என்று நான் ஸ்பெயின் புராணத்தை ஆரம்பித்தேன். பழைய ஆவேசம், பழைய தோல்விகள், வீட்டில் விடப்பட்ட நட்சத்திரம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஓங்கி அடிக்கிறவர்களின் காலம் முடிந்துவிட்டது என்பதை மூன்று விதமாகச் சொன்னேன். ஜெரால்டு குப்பூஸைப் பிய்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான்.

"இறுதி ஆட்டத்துல கோல் விழுந்தது எப்பிடி அத்தான்? நீளமா ஒரு பந்து, ஒருத்தன் ஓடிப்போய் முட்டித் தள்ளிட்டுப் போட்டான். தட்டித் தட்டியா போட்டானுவ?"

சரியான கேள்விதான். அதற்கு முன்னால் ஊர்ப்பட்ட தடவை தட்டித்தட்டி ஜெர்மனிக்காரர்களை நகர்த்தி வைத்ததால்தான் அந்த ஒரு பந்துக்கு வழி கிடைத்தது என்றேன்.

"கரமடிதானே" என்றான் கென்னடி. கரையிலிருந்து வலை வளைத்து இழுக்கிற வேலை. இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று கயிற்றை மெல்ல மெல்ல இழுப்பார்கள்.

ஜெரால்டு கையை நிறுத்தினான். "ஆமா. ஒருத்தன் அவசரப்பட்டா மடி கிழியும். மீனு ஓடும், மடி சுருங்கும், நம்ம நிக்க எடத்துல நிப்போம்." அப்புறம் என்னைப் பார்த்தான். "அப்பம் ஓட வேண்டியது பந்துதான். ஆளு இல்ல. அப்படித்தானே சொல்லுதிய?"

"அதேதான்" என்றேன் உற்சாகமாக. கோட்பாட்டை ஒருவன் பிடித்துக்கொண்டான் என்றால் எனக்குத் தலைகால் தெரியாது.

"அப்பம் முட்டு போனவனும் ஆடலாம்."

"தத்துவப்படி பார்த்தால் தாராளமாக ஆடலாம்" என்றேன்.

என் வாய் என் காரியத்தைக் கெடுத்த தருணங்களைத் தொகுத்தால் தனிப் புத்தகமே வரும். ஆனால் அப்போது எனக்கு எதுவும் உறைக்கவில்லை. மெஸ்ஸில் இரண்டாம் முறை மீன் வாங்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சூரியன் எழும்போதே காற்று சோறு வடித்த ஆவிபோல இருந்தது. சரளை மண் மைதானம். சாரக்கட்டுக் குழாய்களில் கோல் கம்பம். பட்டாணி அணி முழுக்க ஓட்டுநர்கள். ஒவ்வொருவரும் என்னைவிட ஒன்றரை அடி உயரம். அவர்களுடைய தடுப்பாட்டக்காரர் குல் கான்தான் எங்கள் கேம்ப் பேருந்தின் ஓட்டுநர். ஆட்டம் முடிந்ததும் எங்கள் ஆட்களை, அங்கே வெள்ளிக்கிழமையே நடக்கும் வாரப் பூசைக்குத் தேவாலயத்துக்குக் கொண்டுபோக வேண்டியவரும் அவரே. அதனால் பூசை எப்போது தொடங்கினாலும் ஆட்டம் முடியாமல் பேருந்து கிளம்பாது.

எனக்கும் ஒரு பொறுப்பு கொடுத்தார்கள். எல்லாருடைய கைபேசிகளும் போட்ட பிளாஸ்டிக் பை. ஜூலையில் ஏசி மெக்கானிக்குக்கு விடுமுறை என்பது பேருக்குத்தான். எவனுடைய போன் அடித்தாலும் சத்தம் போட்டுக் கூப்பிட வேண்டும். ஜெரால்டு என் பக்கத்தில் கவிழ்த்துப்போட்ட வாளியில் உட்கார்ந்திருந்தான். ஒன்பதாம் நம்பர் பனியன் போட்டிருந்தான்.

ரீகனின் ஸ்பெயின் நன்றாகத்தான் ஆடியது. உனக்கு எனக்கு, எனக்கு உனக்கு. உயரமானவர்கள் பந்துக்குப் பின்னால் இங்கும் அங்கும் ஓடினார்கள். அந்தச் சூட்டில் ஓடுகிறவன்தான் தோற்பான் என்பதைப் பார்த்தால் தெரிந்தது. ஆனால் கோல் கிட்டே போனால் எங்கள் ஆட்களுக்கு ஒரு கூச்சம் வந்துவிடும். அடிக்க மாட்டார்கள். பந்தைத் தட்டும் சுகம் பழகிப்போய், இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவை என்று திரும்பி வந்துவிடுவார்கள். இடைவேளையில் இரண்டு அணிகளும் வேன் நிழலில் மல்லாந்து கிடந்தன. கோல் இல்லை. குல் கான் உருதுவில் சொன்னதைக் கென்னடி எனக்கு மொழிபெயர்த்தான்: "உங்கள் வீட்டில் விருந்துக்குக் கூப்பிட்டால் இலையைப் போட்டு, தண்ணீர் தெளித்து, இலையை எடுத்துவிடுவீர்களா?"

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் என் மடியிலிருந்த பை அதிர்ந்தது. சூப்பர்வைசர். கென்னடியின் போன். ஒரு வில்லாவில் ஏசி நின்றுவிட்டது, கைக்குழந்தை இருக்கிற வீடு, உடனே வர வேண்டும். நான் கூப்பிட்டேன். கென்னடி காலில் பூட்ஸோடும் வாயில் கெட்ட வார்த்தையோடும் மைதானத்தைவிட்டு நேராக வேனுக்கு ஓடினான். ஓர் ஆள் குறைந்தது. ரீகன் வாளியைப் பார்த்தான். அவனுக்கு வேறு வழியில்லை.

"அண்ணே, அடிக்கக் கூடாது. சரியா?"

ஜெரால்டு எழுந்து, ஓடாமல் நடந்துபோய், எதிராளியின் கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். நின்றான் என்றால் நின்றான்தான். பந்து வரும். ஒரே தொடலில் வந்த வழிக்கே அனுப்புவான். சுவரில் எறிந்த பந்துபோல அது ரீகனிடம் போகும். மறுபடி வரும், மறுபடி போகும். ஆட்டம் முழுக்க அவனைச் சுற்றி ஓட ஆரம்பித்தது. அவன் மட்டும் அங்கேயே நின்றான். நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

கடைசியாக ஒரு பந்து அவன் வலது காலுக்குத் தோதாக உருண்டு வந்தது. ஜெரால்டு திரும்பினான். பத்து வருஷமாகச் சனாயாவே அறிந்த விதத்தில் காலைப் பின்னால் ஓங்கினான். குல் கானும் இன்னொருவரும் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு திரும்பினார்கள். கோலி கண்ணை மூடிக்கொண்டு நெஞ்சில் கையைக் குறுக்கே வைத்தார். ஜெரால்டு ஓங்கிய காலை அப்படியே மெல்ல இறக்கி, தூங்குகிற பிள்ளையைத் தட்டுவதுபோலப் பந்தைப் பக்கத்தில் தட்டினான். ரீகன் அதைக் காலோடு நடத்திக்கொண்டுபோய்க் கோலுக்குள் விட்டான்.

நானும் கத்தினேன். கத்திய பிறகுதான் நான் எந்தக் கட்சி என்பது ஞாபகம் வந்தது.

ஜெயித்த அணியைக் குல் கான் பூசைக்கு அழைத்துப்போனார். பேருந்தில் அவர் ஏசியைப் போடவில்லை. கேட்டதற்கு, கெட்டுப்போய்விட்டது, வேண்டுமானால் யாராவது மெக்கானிக் இருந்தால் பார்க்கட்டும் என்றார். பத்துப் பன்னிரண்டு ஏசி மெக்கானிக்குகள் வியர்வையில் ஊறிக்கொண்டு சிரித்தார்கள். ரீகன் ஜெரால்டின் முட்டில் தைலம் தடவிக்கொண்டே வந்தான். "இவ்வளவு நாளும் உங்களத் தப்பா ஓட விட்டுட்டோம் அண்ணே" என்றான். பூசையில் நான் முழங்காலிட்டபோது என்ன வேண்டிக்கொள்வது என்று எனக்கே தெரியவில்லை.

சனிக்கிழமை காலையில் ஜெரால்டு கம்பெனி அலுவலகத்துக்குப் போய்விட்டு வந்து, என்னை விமான நிலையத்தில் விட வேனை எடுத்தான். வழி முழுக்க என்னென்னவோ பேசினான். கடைசியில், வண்டியை நிறுத்தியதும்தான் சொன்னான்.

"புதுக்கச் சொல்லிட்டேன் அத்தான். மூணு வருசம்தானே. ஓடாம ஆடினா எனக்க முட்டு தாங்கும். நீங்கதானே சொன்னிய."

மகளைப்பற்றிச் சொன்னேன், ஐஸ் கம்பெனியைப்பற்றிச் சொன்னேன். ஸ்பெயினைப்பற்றிப் பேசியபோது இருந்த சரளம் இதில் இல்லை. அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, ஷைனிக்கு ஒரு பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போனான். திரும்பிப் போகும்போது அவ்வளவாக நொண்டவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக எரிச்சலூட்டியது.

நாகர்கோவிலில் ஷைனி எனக்கு முன்பே எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தாள். வாசலுக்கு ஒரு பெட்டியும் ஒரு மனிதனும் மட்டும் வந்து சேர்ந்ததிலேயே அவளுக்குப் பாதி தெரிந்துவிட்டது. மீதியை நான் சொன்னேன். லிசி என்னைப் பார்த்த பார்வையைச் சமாளிக்க, ஸ்பெயினிலிருந்தே தொடங்கினேன். பந்தை விடாமல் வைத்திருப்பது, அவசரப்படாமல் பக்கத்தில் தட்டிக்கொண்டே இருப்பது, அதனால் வந்த வெற்றி. ஷைனி பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள்.

நான் முடித்ததும் சொன்னாள்:

"இவரும் கல்யாணம் ஆன நாள்லேருந்து மூணு வருசம், மூணு வருசம்னு தட்டிக்கிட்டேதான் இருக்காரு அண்ணே. கோலு எந்தப் பக்கம் இருக்குன்னாவது கேட்டுட்டு வந்தியளா?"

ஸ்பெயினைப்பற்றி வந்ததையெல்லாம் படித்தவன் நான். பெட்டியைத் திறந்து, லிசிக்கு வாங்கிய சேலைகளில் ஒன்றை எடுத்து ஷைனி முன்னால் விரித்தேன்.